தாண்டவராயனின் ராணி

திண்டிவனம்
7.2.2015

அன்புள்ள தாண்டவராயன் அண்ணனுக்கு, சிங்காரம் எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே சரிகிறது. 'ஞ' போடும்போது விரல் வளைய மாட்டேன் என்கிறது. ஆனாலும் முழுக்க என் கை. மருமகள் அம்பிகாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஆமாம் அண்ணே, செண்பகம் டீச்சரின் மாலை வகுப்பில் சேர்ந்து இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். போன வாரம் பஸ்ஸில் 'கூட்டேரிப்பட்டு' என்ற போர்டைச் சத்தம்போட்டுப் படித்தேன். கண்டக்டர் அந்த ஊருக்கே டிக்கெட் கிழித்துவிட்டார். மறுக்க மனம் வரவில்லை. அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் குமட்டல்.

போன் செஸ் போட்டியில் நாம் இருவரும் சேர்ந்தபோது அம்பிகா விதிகளைப் படித்துக் காட்டினாள். ஒரு காய் நகர்த்த மூன்று நாள். புத்தகம் பார்க்கலாம், பழைய ஆட்டங்களைப் பார்க்கலாம். எந்தக் காயை நகர்த்தலாம் என்று சொல்லித்தரும் மெஷினைக் கேட்கக் கூடாது, இன்னொரு ஆளையும் கேட்கக் கூடாது. நீங்களும் சம்மதம் என்று அமுக்கினீர்கள்.

அப்புறம் நம் ஆட்டம் வந்தது. நீங்கள் டிரைவர், நான் கிளீனர் என்று இருந்த காலமெல்லாம், லோடு ஏறக் காத்திருக்கும்போது எத்தனை ஆட்டம் ஆடியிருப்போம்! ஆரம்பத்திலேயே ராணியை வெளியே ஓட்டாமல் உங்களால் இருக்க முடியாது. இந்த ஆட்டத்தில் அந்த ராணி கடைசிவரை பதுங்கி இருந்தது. அப்போதே எனக்கு நாறியது. போனில் கேட்டேன். சிரித்தீர்கள்.

"டேய், போன்லயே மெஷின் இருக்குதுடா. அதைக் கேட்டுக்கினுதான் நவுத்தினேன். உனக்கு அம்பிகா புஸ்தகம் படிச்சிக் காட்டலியா? அது மட்டும் ஒத்தாசை இல்லியா? எழுத்து தெரியாதவன் எனக்கு ரூல் சொல்ல வந்துட்டான்!"

அம்பிகாவின் கண்ணைத்தான் கடன் வாங்கினேன் அண்ணே. மூளையை அல்ல. இப்போது கண்ணும் என்னுடையது. என்னை ஜெயித்ததற்காக உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கோப்பைப் படம் போட்டிருக்கிறார்கள். யாரோ மென்று துப்பியதை வாயில் போட்டுக்கொண்டு ருசி சொல்பவரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

இப்படிக்கு,
சிங்காரம்


விழுப்புரம்
16.2.2015

தம்பி சிங்காரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதியது என்று நம்பவே நேரம் பிடித்தது. அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

மெஷினைக் கேட்கலாம் என்று வெளிப்படையாகவே நடத்தும் போட்டிகள் இருக்கின்றன. விசாரித்துப் பார். அங்கே சரியென்பது இங்கே மட்டும் எப்படிப் பாவமாகும்? லாரியில் போன காலமெல்லாம் நீயே ஜெயித்தாய். லோடு ஏற்றுகிறவர்கள், "இன்னா டிரைவரே, கிளீனரு இன்னிக்கும் ஓட்டிட்டாரா?" என்று கேட்பார்கள். ஒரு தடவை ஜெயித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தேன்.

இதில் பேஜாரு என்னவென்றால், மருமகன் வெற்றிச்செல்வன் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் குதிரையை எதுக்கு மூலைக்குத் தள்னீங்க?" என்கிறான். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? "அதெல்லாம் உனக்குப் புரியாது, போ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தாண்டவராயன்


திண்டிவனம்
24.2.2015

அன்புள்ள அண்ணனுக்கு,

மெஷின் ஆகும் என்கிற போட்டிக்குப் போய் மெஷினோடு ஆடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அங்கே எதிரே இருப்பவனுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாதே. மூன்று நாள் மூன்று நாளாக யோசித்து, சோறு ஆறிப்போவது தெரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே! உங்களோடு ஆடுகிறேன் என்றல்லவா நினைத்தேன்? அதை நினைத்தால் இப்போதும் வாயில் கசக்கிறது.

ஒன்று சொல்கிறேன். இனிப் போன் வேண்டாம், கடிதத்தில் ஆடுவோம். நமக்கு நடுவர் கிடையாது, கோப்பைப் படம் கிடையாது. எப்போதும் தொடங்குவதுபோல் இருவரும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உங்களுக்கு. அடுத்து நீங்கள் ஆட வேண்டும்.

மெஷின் கை பட்டால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் என்னிடமிருந்து கடிதம் வராது. நீங்கள் செத்தாலும் வர மாட்டேன், நான் செத்தாலும் நீங்கள் வர வேண்டாம்.

சிங்காரம்


விழுப்புரம்
19.3.2015

சிங்காரம்,

ராணியைச் சாய்வாக ஓட்டி வலது ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன். உன் சிப்பாய்க்குக் குறி.

தாமதத்துக்குக் காரணம் கேட்காதே. வெற்றிச்செல்வனிடம் சொல்லி அந்தப் போன் செஸ்ஸையே அழித்துவிட்டேன். கோப்பையும் போயிற்று.

தாண்டவராயன்


திண்டிவனம்
23.3.2015

என் அன்பான அண்ணனுக்கு,

சீ! இது ஒரு ஆட்டமா? இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிற மனுஷன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா? அடி வாங்கி அடி வாங்கியும் புத்தி வரவில்லையே! எந்த மெஷினும் இந்த அசிங்கத்தைச் செய்யாது. உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். அம்பிகா பயந்துபோய், "இன்னா மாமா, அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "அண்ணன் ராணியை வெளிய எடுத்துட்டாரும்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து என் சிப்பாய்க்குக் காவல் வைத்துவிட்டேன். அடுத்து உங்கள் ராணியைத் துரத்தப்போகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது.

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுவதை விட மனமில்லை. சீக்கிரம் நகர்த்துங்கள். நீங்கள் நகர்த்தினாலும் நகர்த்தாவிட்டாலும், உங்களைத் திட்டுவதற்காவது அடுத்த வாரம் நான் எழுதியே தீருவேன்.

உங்கள் கிளீனர்,
சிங்காரம்