மூலை கறுத்து வந்த கடிதம்

கிள்ளான்

அன்பு மகன் பிரவினுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பதாக உன் கையாலேயே எழுதிவிட்டாய், அதனால் அதைக் கேட்கப் போவதில்லை. நாங்களும் சுகம்தான், ஆனால் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. உன் கப்பல் போன கடல் பக்கம் சண்டை மூண்ட அன்றிலிருந்து உன் போன் அடிக்கவே இல்லை. கம்பெனியில் கேட்டால் பாதுகாப்புக்காகக் கப்பலில் போன், இன்டர்நெட் எல்லாம் மூடியிருக்கிறோம், கப்பல் நல்லா இருக்கு சார் என்று ஒரே பாட்டு. இத்தனை வருஷம் கப்பலுக்குச் சாமான் போடுகிறவன் நான், எந்தக் குரலில் பொய் வரும் என்று எனக்குத் தெரியும். இந்தக் குரல் அதுவா இல்லையா என்றுதான் பிடிபடவில்லை. உங்கம்மா என்னை டிவியை மூடச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று போனில் அதே செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் துறைமுகத்தில் அரிசி ஏற்றிக்கொண்டிருந்தபோது, உன் கப்பலிலிருந்து இறங்கி வந்த ஹாஷிம் கடைக்கு வந்திருக்கிறான். கல்லாவில் இருந்த உங்கம்மா கையில் உன் கடிதத்தைக் கொடுத்து, மக்சிக், பிரவின் கொடுத்த சூராட் என்று பாதி மலாயில் சொல்லிவிட்டு ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். அவள் உறையைப் பார்த்தால் நாலு மூலையும் கருப்பு. நல்ல காரியக் கடிதம் என்றால் மூலையில் மஞ்சள், சாவுக் கடிதம் என்றால் கருப்பு, நம்ம வீட்டில் வேறு எப்படி அர்த்தம் பண்ணுவாள். எனக்குப் போன் போட்டு, ஏங்க, கடுதாசி வந்திருக்கு, மூலை கறுத்திருக்கு, நான் பிரிக்கல, நீங்க வாங்க என்றாள். பிரித்துப் பார் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. லோரி ஓட்டிக்கொண்டு வரும்போது புத்தி சொல்கிறது, கெட்ட செய்தி என்றால் கம்பெனி போனில் சொல்லும், உறையில் மையா தடவி அனுப்பும், அந்த மலாய்ப் பையன் மஞ்சளையும் கருப்பையும் எங்கே கண்டான் என்று. புத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது, ஆக்சிலேட்டரை மிதித்த கால்தான் கேட்கவில்லை. கடையில் உங்கம்மா வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள், கடிதம் தராசுத் தட்டில் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன், எஞ்சின் எண்ணெய். உன் கட்டைவிரல் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. கையைக் கழுவாமலா எழுதினான் இந்தக் கழுதை என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, அவனையா திட்டுறீங்க என்று கேட்டாள். நான் ஆமாம் என்ற பிறகுதான் அழுதாள். உயிரோடு இருக்கிறவனைத்தானே திட்ட முடியும்.

பிரித்தால் உள்ளே உன் கடிதத்தோடு, ஒட்டி வைத்த இன்னொரு சின்ன உறை இருந்தது, மேலே நிலானி என்ற பெயரும் பெட்டாலிங் ஜெயா போன் நம்பரும். உங்கம்மாவுக்கு அதைப் பிரிக்க விரல் துடித்தது, நம்ம சரக்கு இல்லை என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். போன் போட்டேன், நான் பிரவின் அப்பா என்றேன். அவர் இருக்கிறாரோ அங்கிள் என்று மட்டும் கேட்டது அந்தப் பொண்ணு. சாயங்காலமே அவள் அப்பா பாலசுந்தரம் காரில் கூட்டி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூட்டைக் கணக்கில் விற்கும் கடைக்கு வந்து நூறு கிராம் சீரகம் கேட்ட பொண்ணு அது. அப்புறம் ஒரு நாள் மிளகு, இன்னொரு நாள் மறுபடியும் சீரகம். சீரகத்தில் வைத்தியம் ஏதும் பண்றியாம்மா என்று நான் கிண்டல்கூடப் பண்ணியிருக்கிறேன். எங்கள் முகத்தைப் பார்க்கத்தான் வந்ததாம், நாங்கள் கடை திறந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமாம். உங்கம்மா அவளைச் சாப்பிடாமல் விடவில்லை, மகளே, இனிமே சீரகம் வாங்காம வா என்றாள். பாலசுந்தரம் ஓய்வுபெற்ற அரசாங்க ஆள், கடையையும் என் சட்டையையும் ஒரு தடவை நோட்டம் விட்டார். பிறகு பெரிய வெங்காயம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். வெங்காயத்தில் தொடங்கி ஒன்பது மணி வரை பேசினோம். பெண் விஷயத்தில் எங்களுக்குத் தடை இல்லை, எங்களிடம் நீ முதலில் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

இனி முக்கியமான பேச்சு. கப்பல் இப்போது பத்திரமான துறைமுகத்துக்கு வந்துவிட்டது, போனை மட்டும் இன்னும் திறக்கவில்லை, ஆனால் சரக்கை ஏற்றிக்கொண்டு அதே வழியாகத் திரும்பப் போக வேண்டும், போக இஷ்டமா என்று கம்பெனி ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக் கேட்கிறது, மற்றவர்கள் போடுகிறார்கள், நான் மட்டும் எப்படி மாட்டேன் என்பது என்று எழுதியிருக்கிறாய். நான் ரிஸ்க் எடுத்து மேலே வந்தவன், அதனால் நான் போ என்பேன் என்று நினைத்துக் கேட்டிருக்கிறாய். நான் ரிஸ்க் எடுத்ததெல்லாம் தக்காளியில் தம்பி, அழுகினால் கொட்டிவிட்டு மறுநாள் வேறு லோடு எடுக்கலாம். இஷ்டமில்லை என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது என்று அவர்களே எழுதித்தான் கேட்கிறார்கள், அப்புறம் என்ன வெட்கம். பயந்து இறங்கினான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், அவன் வந்து உங்கம்மாவைப் பார்த்துக்கொள்ள மாட்டான். நிலானியும் உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதில் உன்னை வா என்று கேட்டிருக்க மாட்டாள், உன் வேலையில் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைக்கிற பெண். அவளுக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

ரெண்டு கடிதத்தையும் அந்தத் துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் போடுகிற சபாபதியிடம் அனுப்பியிருக்கிறேன், காய்கறிப் படகில் அவர் ஆள் கொண்டுவந்து தருவான். ஏஜென்டிடமும் பேசிவிட்டார், நீ இஷ்டமில்லை என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே இறக்கிவிட ஒத்துக்கொண்டார்கள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும், உங்கம்மாவும் அதையேதான் வேண்டிக்கொள்கிறாள். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள். படகு சாமான் இறக்கி முடிக்கிற வரைக்கும்தான் நிற்கும், இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. பையைத் தூக்கிக்கொண்டு அதிலேயே இறங்கி வா.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
விஜயன்