கமலத்தைத் தவிர எல்லோரையும் கேட்டோம்

என் பிரியமுள்ள விசாலம்,

நம் கமலம் பிழைத்துவிட்டாள். நீ பதறக் கூடாதென்று முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளுடைய வலது பாதம் இல்லை. எழுதிய பிறகும் எனக்கே நம்ப முடியவில்லை.

பூஜைக்குக் கும்பகோணத்துப் புக்ககத்திலிருந்து இங்கே வந்தவள், காளிகாட் படித்துறையில் உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டாள். புண் சீழ் வைத்தது. பெண்கள் ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு விரலை உடனே எடுக்க வேண்டும், சம்மதமா என்று வங்காளியில் கேட்டார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னவன் நான்.

"மாப்பிள்ளையைக் கேட்டுண்டு சொல்றேன்."

தந்தி அடித்தேன். மாப்பிள்ளை தம் அப்பாவைக் கேட்கவேண்டும் என்றார். சம்பந்தி ஜோசியரைக் கேட்டார். ஜோசியர் அஷ்டமி, நவமி கழியட்டும் என்றாராம். கடைசியில் 'செய்யலாம்' என்று தந்தி வந்ததும், பரீட்சையில் தேறிய பையனைப் போல டிராமைப் பிடித்து ஓடினேன்.

"பெர்மிஷன் வந்துவிட்டது" என்று தந்தியை நீட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கவில்லை. கட்டைப் பிரித்துக் காட்டினார். கறுப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"இனி விரல் போதாது, மாஸ்டர்மொஷாய்" என்றார், வாத்தியாரை இந்த ஊர் கூப்பிடும் அதே மரியாதையோடு. "நீங்கள் கொண்டுவந்தது பெர்மிஷன். கன்சென்ட் எங்கே?"

என்னைக் கேட்கிறார், விசாலம்! இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயுசெல்லாம் இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்? அடுத்த வீட்டு மாமரத்தில் ஏற வீட்டுக்காரர் விடுவது பெர்மிஷன். பெரியவர்கள் தீர்மானித்ததற்கு 'ஆகட்டும்' என்பது அஸென்ட். பல்லைப் பிடுங்க, பல்லுக்கு உடையவன் மனசார இசைவது கன்சென்ட். பல் உதாரணத்துக்குப் பையன்கள் சிரிப்பார்கள். வீட்டில் சொன்னபோது நீயும் சிரித்தாய். "பொம்மனாட்டி பல்லானா யாரைக் கேக்கணும்?" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன்? ஞாபகமே இல்லை.

டாக்டரம்மா கமலத்தின் பக்கம் குனிந்து மறுபடி கேட்டார்.

"ஆமி ராஜி" என்றாள் கமலம். எனக்குச் சம்மதம் என்று, தெளிவான வங்காளியில். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கே இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அப்பா. அதுக்குள்ள நீங்க பேசிட்டேள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளே அவளைக் கேட்டிருப்பாய், இல்லையா? அல்லது நீயும் என் முகத்தைத்தான் பார்த்திருப்பாயா? பெண்ணைப் பெற்ற இன்னும் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இன்று காலை மறுபடி ஒரு தந்தி. எப்போது அழைத்துப்போக வரலாம் என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். என்னைத்தான் கேட்டிருக்கிறார். பதில் அனுப்பவில்லை. தந்தியைக் கமலத்தின் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இப்போது தூங்குகிறாள். எழுந்ததும் படித்துக்காட்டி, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். அவள் என்ன சொன்னாலும் அதையே தந்தியில் அனுப்புவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என் பெயரைச் சொல்லாமல் நீ என்னைக் கூப்பிட்டது போலவே,
கமலத்தின் அப்பா