பெரியவனின் ஓரம்

நாள் 203, காலை 06:10

இதை எடுத்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் வணக்கம். எழுதுபவன் இஞ்ஞாசி, நிழல் நிலையத்தின் கருவிக்காரன். எட்டாம் வகுப்பை முழுதாகவும் ஒன்பதாம் வகுப்பை வாசல்வரையும் படித்தவன். ஆனாலும் இன்றைய தேதிக்கு இந்தப் பாறையில் என்னைவிடப் பெரிய விஞ்ஞானி கிடையாது. இருந்த விஞ்ஞானியம்மா ஈரல் கோளாறு என்று போன கப்பலில் திரும்பிவிட்டார். இப்போது நான் ஒருவன்தான்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கருவாடு நான்கு பொட்டலம்.

எங்கள் நட்சத்திரத்துக்கு ஏதோ எண் உண்டு. நான் பெரியவன் என்பேன். ராட்சசன், ஆனால் மங்கல். பூமியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரிய மாட்டான். சூரியன் குன்றிமணி என்றால் இவன் மாட்டுவண்டிச் சக்கரம். எடை மட்டும் ஒன்றேகால் குன்றிமணி. உடம்பெல்லாம் ஊதல். மேல்பக்கம் நம் மூச்சுக்காற்றைவிட லட்சம் மடங்கு மெலிசு. சூடு மூவாயிரம் டிகிரி, சூரியனில் பாதி. நடுவிலிருந்து ஓரம்வரை பதினான்கு கோடி கிலோமீட்டர் என்கிறது புத்தகம். அதே நடுவிலிருந்து எங்கள் பாறை இருபது கோடி. பாறை எப்போதும் ஒரே முகத்தைத்தான் அவனுக்குக் காட்டும். அந்த முகம் உருகிக் கிடக்கிறது. முதுகின் நட்டநடுவில், இருட்டில், நான் குழம்பு வைக்கிறேன்.

பெரியவன் வீங்கினால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு எல்லாப் பக்கமிருந்தும் என்னை நோக்கி நகரும். அதை அளக்கத்தான் கம்பங்கள். ஒரு கம்பத்தில் வெளிச்சம் பட்டால் இங்கே மணி அடிக்கும். எந்தக் கம்பம் என்று பார்த்து ஓரம் எங்கே என்று அட்டவணையில் படித்துச் சொல்லிவிடுவேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அவனைச் சுற்றிப் புழுதிதான் தெரியும், ஓரம் தெரியாது. நானூறு கம்பங்களையும் ஒற்றை ஆளாய் ஒரே வாரத்தில் நட்டேன்.

நாள் 209, பகல் 13:40

மணி அடித்தது. ஓரம் பதினைந்து கோடி. வருடத்துக்கு ஒருமுறை இந்த அளவு வீங்கித் தணிவான், பயமில்லை.

என்னைக் கூட்டிப்போக ‘சிப்பி’ வருகிறது. ஒன்பது பேர். ஓட்டுவது என் அக்காள் மகள் பிலோமி. விண்வெளியில் எப்படி வளைப்பது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். (சைக்கிளில்.) அளவை அனுப்பினேன். பதில் வந்தது:

“பதினஞ்சுன்னா சரி மாமா, புஸ்தகத்துலயே இருக்கு. ஆனா நீங்க அனுப்புன பழைய அளவெல்லாம் பாத்தேன். ராட்சச நட்சத்திரம் ஒரு தடவ மூச்சு விட ஒரு வருஷம் ஆவும். நீங்க அத ஒரு நாளைக்கு மூணு தடவ மூச்சு விட வச்சிருக்கீங்க! அதுக்கென்ன, ஆஸ்துமாவா?”

உண்மையைச் சொல்கிறேன். நடுவில் ஐம்பது நாள் கம்பங்களின் கேபிள் அறுந்து கிடந்தது. வெளியே போக உடம்பு வணங்கவில்லை. கட்டிலில் படுத்தபடி அளவுகளை நானே எழுதினேன். ஒரே எண்ணாக இருந்தால் சப்பென்று இருக்குமே என்று ஏற்ற இறக்கம் சேர்த்தேன். பிறகு கேபிளைச் சரிசெய்துவிட்டேன். அது நிஜம்.

பிலோமி மேலும் சொன்னாள்: “கப்பல்ல எல்லாருமா சேந்து ஒரு சட்டம் போட்டாச்சு. புஸ்தகத்துல உள்ள பதினாலுக்கு மேல மாமா எவ்வளவு சொன்னாலும் அதுல பாதி!” பின்னால் எட்டுப் பேர் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன்.

நாள் 215, காலை 09:05

பதினேழு கோடி. இது புத்தகத்தில் இல்லை.

கூரைமேல் ஏறிப் பார்த்தேன். நான்கு திசையிலும் ஒரே நேரத்தில் விடிகிறது. அடிவானம் முழுக்க ஒரு சிவப்பு வளையம், நான் அதன் நடுவில். எந்தப் பக்கம் ஓடினாலும் அதை நோக்கித்தான் ஓட வேண்டும். ஏணியில் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் இறங்கினேன். முட்டிவலி என்று எழுத நினைத்தேன். முட்டிவலி இல்லை.

நாள் 217, முற்பகல் 11:15

பதினெட்டு கோடி. மூன்று முறை சரிபார்த்தேன். கம்பங்கள் நானூறு என்று எழுதியிருந்தேன். நாற்பது. அதில் பாதி விஞ்ஞானியம்மா நட்டது.

‘சிப்பி’ பெரியவனை ஒட்டி ஒரு வளைவு போட்டால்தான் பாறையைப் பிடிக்க முடியும். ஒதுங்கிப் போனால் எரிபொருள் போதாது. என்னை விட்டுவிட்டு அப்படியே வெளியேற வேண்டியதுதான். அவளுடைய வளைவு பதினாறரைக் கோடியில். அவளுடைய கேடயம் ஒரு பக்கத்துக்குத்தான். ஓரத்துக்குள் போய்விட்டால் எல்லாப் பக்கமும் நெருப்பு.

நான் அனுப்பியது: “ஏட்டி பிலோமி, பதினெட்டு! வளைவை வெளியே தள்ளு. மாதா மேல சத்தியம்!”

குரல் போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம்.

“பதினெட்டுல புஸ்தகத்துக்கு மேல நாலு. பாதி ரெண்டு. ஆக பதினாறு. நான் பதினாறரையில வாரேன், போதுமா? மூச்சு விட வச்சப்பவும் மாதா மேலதான சத்தியம் பண்ணீங்க. அம்மாகிட்ட உங்களக் கொண்டாந்து விடுதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பயப்படாதீங்க. பயந்தா மாமாவுக்கு எல்லாம் ரெண்டு கோடி கூடத்தான் தெரியும்.”

கம்பங்களின் அளவை அப்படியே அனுப்பினேன். “அந்த அம்பது நாளும் இப்படித்தான கம்பத்துக் கணக்கு அனுப்புனீங்க” என்றாள். கோபமே இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நாள் 219, காலை 07:30

பத்தொன்பது. தூங்கவில்லை.

கூட்டிச் சொன்னால் என்ன என்று யோசித்தேன். பாதி கழித்தபிறகு பத்தொன்பது நிற்க வேண்டுமானால் இருபத்துநான்கு என்று சொல்ல வேண்டும். ஆனால் பாறை இருப்பதே இருபதில். இருபத்துநான்கு என்று சொல்ல நான் உயிரோடு இருக்க முடியாது.

எழுதிய வரியை நானே இன்னொரு தடவை படித்தேன்.

நாள் 219, முற்பகல் 11:20

இன்று 14:00 மணிக்குள் அவள் வளைவுக்குள் இறங்குவாள். 11:20க்கு அனுப்பும் கருவியை அணைத்தேன். வாங்கும் கருவி ஓடுகிறது.

நான் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதில் பாதி கழிக்க முடியாது.

நாள் 219, பிற்பகல் 13:10

“மாமா, சத்தத்தக் காணோமே. கருவி போச்சா?”

“மாமா.”

“வெளையாடாதீங்க மாமா. இங்க யாரும் சிரிக்கல.”

வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. இது நிஜம், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

“ஒரு பொய்யாச்சும் சொல்லுங்க மாமா. எதாச்சும். இருபத்தஞ்சு கோடின்னு சொல்லுங்க, நம்புதேன்.”

நாள் 219, பிற்பகல் 14:06

திரும்பிவிட்டாள். திரையில் ‘சிப்பி’யின் திசை அடையாளம் வெளிப்பக்கம் காட்டுகிறது. அவள் கருவி திறந்தே இருக்கிறது. கப்பலுக்குள் யாரோ கணக்கைச் சொல்கிறார்கள்: ஓரம் பாறையைத் தாண்டிவிட்டது. பிலோமி ஆம் என்கிறாள். அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நாள் 219, பிற்பகல் 15:30

எனக்காகச் செபம் சொல்கிறார்கள். ஒன்பது பேரும். என் செபத்தை நானே கேட்டேன்.

18:00 வரைக்கும் அவளால் திரும்பி வர முடியும். அதுதான் இப்போது பயம். என் கை இரண்டு தடவை சுவிட்சில் போய் உட்கார்ந்தது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போனது. ஒரே ஒரு வார்த்தை, பிலோமி என்று மட்டும் என்கிறது வாய். வளையம் ஜன்னலின் கீழ்விளிம்புக்கு வந்துவிட்டது. மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கின்றன. எண்ணவில்லை. இருமினால்கூட அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று இருக்கிறது. அணைத்த கருவியில் எப்படிக் கேட்கும். ஆனாலும் இருமவில்லை.

நாள் 219, மாலை 16:12

மூன்றாவது தடவை சுவிட்சைப் போட்டுவிட்டேன். அரை விநாடி. மூச்சு மட்டும் போயிருக்கும். குரல் போய்வரும் நேரம்வரை காத்திருந்தேன். அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது.

கத்தரி எடுத்தேன். அனுப்பும் கம்பியை இரண்டு இடத்தில் வெட்டினேன். நடுத்துண்டைக் குப்பைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிட்டேன். இனி ஒட்டவும் முடியாது.

துண்டை வாயிலிருந்து எடுத்தாயிற்று.

இனிக் கத்தலாம்