ஆட்டோவின் பின்னால் ஒட்டிய படம்

காஞ்சிபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் சுகாசினிக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும், நீ கவனித்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் சுகமாக இருக்க உன் அம்மா தினமும் முழங்கால் தேய ஜெபிக்கிறாள். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் இந்தத் தாள். தம்பி ஜோசுவா இதைப் படம் பிடித்து அனுப்புவான். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். கட்டாயம் படிப்பான்.

வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஏனாத்தூரில் கல்லூரி திறந்துவிட்டதால் நம் ஷேர் ஆட்டோவில் உட்கார இடமில்லை. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, சண்டை போடத் தெம்பு வந்திருக்கிறது. குறையொன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வேலை ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். போடு, அப்படிப்பட்ட தலைவர் ஆளும் நாட்டில் உனக்கென்ன பயம் என்று நான்தான் சொன்னேன்.

அந்த நாட்டுத் தலைவர் படத்தை ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருந்தேனே, கீழே 'வணங்காத் தலை' என்று எழுதி. போரை நிறுத்து என்று உலக நாடுகள் கண்டித்தபோது, தனியாக நின்றாலும் ஓர் அடி பின்வாங்க மாட்டேன் என்று மேசையைத் தட்டினார். அதை ஜோசுவாவின் போனில் பத்துத் தடவை பார்த்தேன். ஊரில் உன் தாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெரு ஒன்று உண்டு. ஒருநாள் காலில் போட்டுக்கொண்டே நடந்தார். அவருக்குப் பிறந்தவன் நான். தலை குனியாத எவனைப் பார்த்தாலும் நம் ஆள் என்று தோன்றிவிடுகிறது.

ஐயம்பேட்டைத் தில்லையம்மாள், பட்டு நூலை மடியில் வைத்துக்கொண்டு வருவாரே, அந்த நெசவுக்கார அம்மா, திங்கட்கிழமை இறங்கும்போது படத்தைப் பார்த்து நின்றார். "அவரு ஒரு அடி நவுர மாட்டாராம், சரிப்பா. அந்த அடியில உம் பொண்ணு இல்ல நின்னுக்கினு இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம். இவருக்கு என்ன அரசியல் தெரியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த சவாரி போனேன்.

சாயங்காலம் டீக்கடை டிவியில் அவர் மறுபடி மேசையைத் தட்டினார். அடுத்த காட்சி, எல்லைக்கு அந்தப் பக்கம். என் வயசுக்காரர் ஒருவர் இடிந்த வீட்டிலிருந்து ஒரு சின்னச் செருப்பை எடுத்துத் தூசு தட்டிவிட்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் தாத்தா தலை நிமிர்ந்தபோது யார் வீடும் இடியவில்லை, சுகா. இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

நேற்று பிளேடால் படத்தைச் சுரண்டி எடுத்தேன். அந்த இடம் மட்டும் புது மஞ்சளாகத் தெரிகிறது. சவாரிக்காரர்கள் ஏன் எடுத்தாய் என்கிறார்கள். என் மகள் அங்கே இருக்கிறாள் என்கிறேன். உன் அம்மாவிடமும் நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவள் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

கையெழுத்துப் போடாதே அம்மா. பெரியவரை அவர் பிள்ளைகளிடம் நல்லபடியாக ஒப்படைத்து, அவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு கிளம்பு. மீனம்பாக்கத்துக்கு நம் ஆட்டோவிலேயே வருகிறேன். அவ்வளவு தூரத்துக்குப் பர்மிட் கிடையாது என்கிறான் ஜோசுவா. கிடக்கட்டும். வழியில் ஒருவரையும் ஏற்ற மாட்டேன். வண்டி முழுக்க உனக்குத்தான்.

நீ வந்து சேர வேண்டும் என்று தலை குனிந்து கேட்கும்,
உன் அப்பா
ராஜவேலு