குகையில் கடித்த வௌவால்

கொழும்பில் குறட்டை விடும் என் அத்தானுக்கு,

என் பேரிலுள்ள மேலகரம் வயலை எழுதித் தரச் சொல்லிக் கேட்டுச் சலித்த உங்கள் தம்பிக்குத் திடீர்ப் பாசம் வந்து, என்னைக் குற்றாலத்துக் குகை பார்க்க அழைத்துப் போனான். பந்தம் பிடித்து வழிகாட்டிய தளவாய், "முன்னால பள்ளம், அசையாம நின்னு இருட்டைப் பாருங்க" என்று சொல்லி, வழக்கம்போலப் பந்தத்தை அணைத்தார்.

உடனே ஒரு கை என் வாயைப் பொத்தியது. இன்னொரு கை என்னைப் பள்ளத்துக்குத் தள்ளியது. எலும்பு நொறுங்கும்படி கடித்தேன். அலறல்!

பந்தம் எரிந்தபோது அவன் விரல் தோலில் தொங்கியது. என் வாயெல்லாம் இரத்தம்.

"என்ன தம்பி ஆச்சு?" என்றார் தளவாய்.

"வௌவால் கடிச்சிட்டு."

"ஆமா கொழுந்தனாரே, வெத்தலை போடுத வௌவால்!" என்றேன்.

காயம் ஆறியதும் செண்பகாதேவி அருவி உச்சிக்கு அழைத்துப் போவானாம். ஆறுவதற்குள் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் அடங்காத உங்கள் வாயாடி