மெக்கானிக் சொல்றான்

செப்டம்பர் 4, ஞாயிறு

மழை வர்ற மாதிரி இருந்துட்டு வரல. ஒரே புழுக்கம். பூசைக்குப் போகல. வண்டியோட முன் மட்கார்டைத் தூக்கி மாட்டியாச்சு, இனி சேறு அடைக்காது. எஞ்சினுக்கு அடியில கல் அடிக்காம இரும்புத் தகடு. வில்லியனூர் ரோட்டு வெல்டிங் கடையில நானே நின்னு செய்ய வெச்சது. பாக்கி: செயின், ஏர் ஃபில்டர், பை மாட்ட கம்பி.

பழைய புல்லட். வாங்கினது இவரு. ரோட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் ஏத்த மாதிரி மாத்தினது நான். இவருக்குக் கையில கிரீஸ் பட்டா ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது, "மேரி, ஒருநாள் நாம ரெண்டு பேரும் கொல்லிமலைக்கு வண்டியிலயே போவோம்." வர்ற சனிக்கிழமை போறோம். லேப்ல லீவு சொல்லியாச்சு. பின் சீட்டுக்குப் புது ஸ்பாஞ்சு.

செப். 9, வெள்ளி

பட்டன் டயர் வந்துச்சு. மாட்டியாச்சு. மண்ணை நல்லா கவ்வும்.

செயின் இறுக்கிட்டு இருந்தேன். இவரு வாசல்ல நின்னு, "பசங்க மூணு பேரு வர்றானுங்க மேரி. லேடீஸ் வந்தா அவனுங்க ஃப்ரீயா இருக்க மாட்டானுங்க. நீ அடுத்த வாட்டி வா."

"என் லீவு?"

"நல்லா ரெஸ்ட் எடு."

செயின் வேலைய முடிச்சேன். ஏன் முடிச்சேனோ. ஸ்பேர் ப்ளக், கேபிள், ஸ்பேனர் எல்லாம் பையில வெச்சேன். திட்டிக்கிட்டேதான்.

செப். 11, ஞாயிறு

மத்தியானம் இவரு போன். மலையில ஓடை தாண்டும்போது எஞ்சினுக்குள்ள தண்ணி. கிக்கர் ஒதைச்சு ஒதைச்சு கால் போச்சாம். டவர் கிடைக்கிற மேட்டுல ஏறி நின்னு பேசறாரு. வண்டி கீழ, பசங்ககிட்ட.

"ப்ளக்கைக் கழட்டித் துடைக்கச் சொல்லுங்க. கார்புரேட்டருக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும். லூஸ் பண்ணா தண்ணி வடியும். ப்ளக் இல்லாமயே கிக் பண்ணட்டும், உள்ள இருக்கிறது வெளிய வரும். அப்புறம் ப்ளக்கை மாட்டலாம்."

இவரு கீழ பார்த்துக் கத்தறது கேட்டுச்சு. "டேய், ப்ளக்கைக் கழட்டுடா! மெக்கானிக் சொல்றான்!"

சொல்றான்.

ரொம்ப நேரம் லைன்லயே இருந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம், பசங்க விசில். போன் கட்.

மீன் வாங்கி வெச்சிருந்தேன். சமைக்கல.

செப். 12, திங்கள்

வந்துட்டாரு. வெயில்ல மூஞ்சி கறுத்துப் போச்சு, ஒரே குஷி. சாரம் ஏரியாவுல இருக்கிற ஃப்ரெண்டுக்குப் போன்ல, "ஓடைக்கு நடுவுல வண்டி நின்னு போச்சு மச்சான். நான்தான் கார்புரேட்டரைத் தொறந்து..."

நான் பக்கத்துலதான் துணி மடிச்சிட்டு இருந்தேன். வண்டி பூரா சேறு. கழுவச் சொன்னாரு. கழுவினேன்.

செப். 15, வியாழன்

லேப்புக்கு அரை நாள் லீவு. இவரு ஆபீஸ்ல. வண்டிய எடுத்துட்டேன். கோரிமேடு தாண்டி செம்மண் பாதை. மூணாவது கிக்குல புடிச்சுச்சு. பள்ளத்துல இறங்கி ஏறுறப்ப அப்படி ஒரு சந்தோஷம். வாய்விட்டுச் சிரிச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் இப்படிச் சிரிச்சதில்ல.

அப்புறம் ஈர மணல்ல சறுக்கி விழுந்தேன். முட்டி தேய்ஞ்சுது. கிளட்ச் லிவர் பாதி உடைஞ்சுது. ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு வந்து வண்டியத் தூக்கி விட்டாரு. "யாரு வூட்டு வண்டிம்மா?"

"எங்க வூட்டுக்காரரு வண்டி."

வாயில அதான் வந்துச்சு. வழியெல்லாம் அதையே நினைச்சு நினைச்சு எரியுது. முட்டி கூட அவ்ளோ எரியல.

செப். 16, வெள்ளி

இவரு காலையில லிவரைப் பார்த்துட்டாரு. நான்தான் எடுத்தேன், விழுந்தேன்னு சொன்னேன். சண்டை வரும்னு ராத்திரியே பதில் எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்.

சிரிச்சாரு. "நீயா? அவ்ளோ வெயிட்டு, உனக்கெதுக்கு?" காபியக் குடிச்சிட்டு, "அடுத்த வாரம் ஜவ்வாது மலை. அதுக்குள்ள மாத்தி வெச்சுடு."

முட்டியப் பத்திக் கேக்கல.

சாயங்காலம் கடைக்குப் போனேன். லிவர் வாங்கிட்டேன். மேசை மேல இருக்கு. மாட்டல.