முப்பத்தொரு அடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று தீர்மானித்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் தலையணை மேல் வைத்துவிடுகிறோம். அப்போது எதுவும் சொல்ல முடியாது. இன்று அம்மாவுக்கு வார விடுப்பு, அப்பாவோடு வீட்டில் இருக்கிறாள். அதனால் பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து எழுதுகிறேன்.

நீ வெளியூர் வேலைக்குப் புறப்பட்ட மறுவாரம் அப்பாவின் உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து யாராவது போனாலும், உடல்நிலை மாறினாலும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டுமாம். அப்பாவைப் பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. அதை மாற்றி அம்மா பெயரைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. "எங்க வீட்டு அகராதி எழுதட்டும்" என்று அம்மா என்னிடம் கொடுத்துவிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முதலில் பென்சிலில் எழுதி, சரிபார்த்து, அதன் மேல் பேனாவில் எழுதினேன்.

பிறர் உதவியின்றி எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது ஏழாவது கேள்வி. அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் அப்பா கட்டிலில் இருந்து வாசல் கேட் வரை கைத்தடியோடு தனியாக நடந்திருந்தார். பெயிண்ட் வேலையில் சாரத்தில் இருந்து விழுந்த பிறகு அதுதான் முதல் தடவை. நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்தொரு அடி. கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு பெயிண்ட் அடிச்சவன் எவன்? பிரஷ் பிடிக்கவே தெரியல" என்று சிரித்தார். அதை எழுதாமல் எப்படி இருப்பேன்? அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்ததையும், அம்மாவும் நானும் விரிப்போடு சேர்த்து அவரைப் புரட்டியதையும் எழுதவில்லை. மறைக்கவில்லை அண்ணா. கேள்வி அதைக் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, கேட்காததை எழுதினால் மதிப்பெண் போகும் என்றுதான் எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. நடமாட்டத்தில் முன்னேற்றம் இருப்பதால் இனி துணையாள் தேவையில்லையாம். உதவித்தொகை நிறுத்தப்படுகிறதாம். நான் எழுதிய வாக்கியத்தையே அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா படிவத்தின் நகலை வாங்கி முழுதும் படித்தார். "ரெண்டு கோட் நல்லா அடிச்சிருக்கே பாப்பா. சுவத்துல இருக்கிற விரிசல் ஒண்ணுகூட வெளிய தெரியல" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அம்மா இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குப் போகிறாள். நான் வரும்வரை அப்பா தனியாக இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறோம். வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. தாகமே எடுக்கவில்லை என்கிறார். குடித்தால் எழுந்து குளியலறைக்குப் போக வேண்டும், விழுந்தால் தூக்க ஆளில்லை. அதை அவர் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன்.

நடையும் நின்றுவிட்டது. விசாரிக்க அதிகாரி எந்த நாளும் வரலாம் என்று கேள்விப்பட்டு எதிர்வீட்டுத் தையல்கார அக்கா அம்மாவிடம், "பாப்பாவோட அப்பா கேட் பக்கம் நிக்கறதை யாராவது பாத்தா வம்பு. கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கச் சொல்லுங்க" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்றிலிருந்து கைத்தடி அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. பயிற்சி கொடுக்க வருகிறவர், நடக்காமல் இருந்தால் கால் இறுகிவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். நேற்று நான், வாங்கப்பா, நான் எண்ணுகிறேன் என்று கெஞ்சினேன். "எண்ணினது போதும்மா" என்றார்.

அம்மாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளை மட்டும் எழுதிட்டியேம்மா. மோசமான நாளைப் பாத்தவங்க வேற யாரும் இல்லையா?" என்று கேட்டாள். நானும் அம்மாவும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் எங்கள் பேச்சு இனி எடுபடாதாம். முன்பு பார்த்துக்கொண்டவர் தன் கையால் எழுதிக் கொடுத்தால் மேல்முறையீட்டோடு இணைக்கலாமாம். அடுத்த மாதம் இருபதாம் தேதி கடைசி நாள்.

அதனால் நீ எழுத வேண்டும் அண்ணா. குளியலறைக் கதவை உடைத்து அவரைத் தூக்கினாயே, அதை எழுது. நீ சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, அதையும் எழுது. அப்பாவைப் பற்றி அப்படியெல்லாம் எழுத உனக்குக் கை வராது என்று தெரியும். எனக்கும் வரவில்லை.

உனக்குத் தெரியக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "அவன் காதுக்குப் போச்சுன்னா அன்னைக்கே பெட்டியக் கட்டிடுவான்" என்கிறார். நீ வர வேண்டாம். கடிதம் வந்தால் போதும். வேளாவேளைக்குச் சாப்பிடு. உயரமான இடத்தில் ஏறச் சொன்னால் ஏறாதே. உன் கட்டிலில் துணிகூட மடித்து வைக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். ஆனாலும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

உறை மேல் முகவரியை வெளியே தெருவிளக்கில் நின்று எழுதிக்கொள்கிறேன். நூலகர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்.